குணசாலியா, பராக்கிரமசாலியா? – நீதிமொழிகள் காட்டும் மனைவி

தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணங்களுக்குப் போய்வருகிற யாருக்கும் நீதிமொழிகள் முப்பத்தோராம் அதிகாரம் புதிதல்ல. போதகர் மணமகளைப் பார்த்து "குணசாலியான ஸ்திரீ" என்று தொடங்கியதுமே அடுத்து என்ன வரும் என்பது, வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற பிள்ளைக்கும் தெரியும். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும், வீட்டைக் கவனிக்க வேண்டும், சோம்பலாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, புருஷனுக்குப் பெயர் வாங்கித் தர வேண்டும். மணமகனுக்குப் பெரும்பாலும் இரண்டு வாக்கியம்தான். அதுவும், "தம்பி, நீ கொடுத்துவைத்தவன்" என்கிற வகை.

தேவபக்தியுள்ள மனைவி என்று வேதாகமம் யாரைச் சொல்கிறது என்ற கேள்விக்கு நம் சபைகள் இந்த ஒரு பகுதியையே முதல் விடையாக வைத்திருக்கின்றன. ஆகவே இதை ஓர் இலக்கியப் பகுதியாக எடுத்து, சொல்லுக்குச் சொல் நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றியது. நான் இறையியல் படித்தவன் அல்லன், தமிழ் படித்தவன். இம்மலரைப் புரட்டுகிறவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதும் தெரியும். ஆனால், ஒரு பழைய பாட்டை நாம் எப்படி மொழிபெயர்த்தோம், மொழிபெயர்த்ததை வைத்து நம் வீட்டுப் பெண்களிடம் என்ன கேட்டோம் என்பது எல்லாருக்கும் உரிய விஷயம்தானே!

பாட்டு சொல்வது என்ன?

நீதிமொழிகள் 31:10 முதல் 31 வரை உள்ள பகுதி உரைநடை அறிவுரை அன்று, ஒரு பாட்டு. எபிரேய எழுத்துகள் இருபத்திரண்டு. இந்தப் பாட்டின் வசனங்களும் இருபத்திரண்டு. ஒவ்வொரு வசனமும் நெடுங்கணக்கு வரிசையில் ஓர் எழுத்தைக் கொண்டு தொடங்குகிறது. நமக்கு இது அந்நியமான உத்தி அல்ல. ஔவையாரின் ஆத்திசூடியை அகரவரிசையில் ஒப்பித்துத்தான் நாம் எழுத்தே படித்தோம். அங்கே பாடம் சொல்பவர் ஒரு பெண். இங்கும் அந்த அதிகாரத்தின் தலைப்பைப் பாருங்கள்: லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவனுடைய தாய் கற்பித்த வார்த்தைகள் என்று இருக்கிறது. குடித்து அறிவிழக்காதே, வாயில்லாதவனுக்காகப் பேசு, ஏழைக்கு நியாயம் செய் என்று மகனுக்குச் சொன்ன பிறகுதான் இந்தப் பாட்டு வருகிறது. நம் பிரசங்கங்களில் முதல் ஒன்பது வசனங்கள் எங்கே போய்விடுகின்றன என்று தெரியவில்லை. மகனுக்குச் சொன்ன அதிகாரத்தை மருமகளுக்கு மட்டும் வாசிக்கிறோம்.

சரி, இந்தப் பெண் என்னதான் செய்கிறாள்? ஆட்டுமயிரும் சணலும் தேடி வாங்கி நூற்கிறாள். வியாபாரக் கப்பலைப் போலத் தூரத்திலிருந்து உணவு கொண்டுவருகிறாள். இருட்டோடு எழுந்து வீட்டாருக்கும் வேலைக்காரிகளுக்கும் படியளக்கிறாள். ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள். தன் கைச் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். இடுப்பை வரிந்து கட்டுகிறாள். தன் வியாபாரம் லாபமானது என்று அவளே கணக்குப் பார்த்து அறிகிறாள். ஏழைக்குக் கை நீட்டுகிறாள். துணியும் இடைக்கச்சையும் செய்து வர்த்தகரிடம் விற்கிறாள். வாயைத் திறந்தால் ஞானம் பேசுகிறாள். வருங்காலத்தை நினைத்து அவள் பயப்படுவதில்லை, சிரிக்கிறாள்.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். "பொண்ணு ரொம்ப நல்ல குணம், வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டா" என்று நாம் வரன் பேசுகிறபோது சொல்கிற பெண் இதில் எங்கே இருக்கிறாள்? நிலம் வாங்குகிறவள், சரக்கு விற்கிறவள், பேசுகிறவள்தான் இருக்கிறாள். அடக்கம், பொறுமை, கீழ்ப்படிதல் என்று நாம் கல்யாண மேடையில் அடுக்குகிற மூன்றும் இந்த இருபத்திரண்டு வசனங்களில் பெயரளவிலும் வரவில்லை. அவை வேறிடங்களில் இருக்கலாம்; இந்தப் பாட்டில் இல்லை. பின்னே, இவற்றை இதற்குள் கொண்டுவந்து வைத்தது எது?

ஒரே சொல்லுக்குப் பல தமிழ்

என் பதில், பெரும்பங்கு ஒரு சொல்தான் என்பது. "குணசாலியான ஸ்திரீ" என்று தமிழில் வரும் இடத்தில் எபிரேயத்தில் இருப்பது "ஏஷெத் ஹயில்". ஏஷெத் என்றால் பெண் அல்லது மனைவி. ஹயில் என்பது பழைய ஏற்பாட்டில் இருநூறு தடவைக்கு மேல் வருகிற சொல். படை, வலிமை, வீரம், செல்வம், திறமை என்று இடத்துக்கேற்ப அதற்குப் பொருள் உண்டு. பார்வோனின் சேனையைக் குறிக்கவும் இதே சொல்தான்.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் 1871-ஆம் ஆண்டுத் திருப்புதல், அதாவது ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு, இந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிதியோனைத் தேவதூதன் கூப்பிடும்போது (நியாயாதிபதிகள் 6:12) ஹயில் "பராக்கிரமசாலி" ஆகிறது. யெப்தாவுக்கும் (11:1) பராக்கிரமசாலிதான். மோசே நியாயம் விசாரிக்க ஆள் பொறுக்கும்போது (யாத்திராகமம் 18:21) அவர்கள் "திறமையுள்ள மனிதர்". போவாசைச் சொல்லும்போது (ரூத் 2:1) "ஆஸ்திக்காரன்". அதே போவாஸ் அடுத்த அதிகாரத்தில் ரூத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொல்கிறான் (3:11). அங்கே மட்டும் அது "குணசாலி" ஆகிவிடுகிறது! நீதிமொழிகள் 12:4-லும் 31:10-லும் குணசாலியேதான்.

இதைவிடத் தெளிவான ஒரு சான்று உண்டு. "ஹயில் செய்தல்" என்று எபிரேயத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 118-ஆம் சங்கீதத்தில் கர்த்தருடைய வலதுகரம் ஹயில் செய்கிறது. தமிழில் அது "பராக்கிரமஞ்செய்யும்" என்று வருகிறது. நம் பாட்டின் 29-ஆம் வசனத்தில் அநேகம் மகள்கள் ஹயில் செய்தார்கள் என்று அதே வினை வருகிறது. தமிழிலோ, அவர்கள் குணசாலிகளாக இருந்தார்கள். கடவுளின் கை செய்தால் பராக்கிரமம், பெண்ணின் கை செய்தால் குணம் என்றாகிறது. அதோடு, "செய்தார்கள்" என்பதும் "இருந்தார்கள்" ஆகிவிட்டது. வினை போய் நிலை வந்துவிட்டது. இந்தச் சின்ன மாற்றத்துக்குள் ஒரு சமூகத்தின் மனப்பாங்கே அடங்கியிருக்கிறது என்று நான் சொன்னால் மிகையாகாது.

மொழிபெயர்த்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் அல்ல. அவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் தொடங்கி ரூத் வரை முடித்துவிட்டு 1719-ல் மறைந்தார். மீதியை ஷூல்ட்சே செய்தார். அப்படிப் பல கைகள் மாறி வந்த வேலை இது. ஆங்கிலத்தில் 1611-ஆம் ஆண்டு ஜேம்ஸ் அரசர் பதிப்பிலும் இதே இடைவெளி இருக்கிறது: கிதியோனுக்கு வீரம், பெண்ணுக்கு நல்லொழுக்கம். ஆனால் அதற்கு வெகு முன்னே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு இந்தப் பெண்ணுக்கு "வீரமுள்ளவள்" என்னும் பொருள்படும் சொல்லையும், இலத்தீன் மொழிபெயர்ப்பு "வலிமையுள்ளவள்" என்ற சொல்லையும் போட்டிருந்தன என்பதை மறக்கக் கூடாது. வலிமை மூலத்தில் இருந்தது, பழைய மொழிபெயர்ப்புகளிலும் இருந்தது, பிறகுதான் தொலைந்தது. 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு "மனத்திடம்" என்ற சொல்லைப் போட்டு அதில் ஒரு பகுதியை மீட்டிருக்கிறது. பாராட்ட வேண்டிய தேர்வு. ஆனாலும் திடம் மனத்துக்குள் மட்டுமே நின்றுவிடுகிறது. பாட்டிலோ அது கையிலும் தோளிலும் கல்லாப்பெட்டியிலும் இருக்கிறது.

"குணம் என்றாலே மேன்மைதானே, அதில் என்ன குறை?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குணசாலி என்பது தன்னளவில் தாழ்ந்த சொல் அல்ல. ஆனால் சொல்லின் பொருளை அகராதி மட்டும் தீர்மானிப்பதில்லை. புழங்குகிற வாய் தீர்மானிக்கிறது. ஓர் ஆணைக் "குணசாலி" என்றால் உத்தமன் என்று நினைக்கிறோம். ஒரு பெண்ணை "நல்ல குணம்" என்றால் எதிர்த்துப் பேசாதவள் என்று நினைக்கிறோம். அந்தக் காதோடுதான் நாம் பாட்டைக் கேட்கிறோம்.

பாடாண் திணையாக வாசித்தால்

இந்தப் பாட்டு வீட்டைப் பற்றியது, ஆகவே அகம் சார்ந்தது என்றுதான் நானும் வெகு நாள் படித்தேன். மூலச்சொற்களை ஆராய்ந்தவர்களின் விளக்கங்களைப் படித்த பிறகு வேறொரு படம் தெரிகிறது. கணவனுக்குச் சம்பத்துக் குறையாது என்று தமிழில் வருகிற இடத்தில் மூலச்சொல் போரில் கிடைக்கும் கொள்ளைப்பொருள் என்ற பொருளுடையது. அவள் வீட்டாருக்குக் கொடுக்கும் ஆகாரத்தைக் குறிக்கும் சொல், சிங்கம் பிடித்துவரும் இரைக்கு வழங்குவது. இடைக்கட்டு, தோள்வலி எல்லாம் போர்வீரனைப் பாடும் சொற்கள். 1988-லேயே வோல்டர்ஸ் என்ற அறிஞர் இதை ஒரு வீரப்பாட்டாகவே படிக்க வேண்டும் என்று எழுதினார்.

நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் புறத்திணை இலக்கணமே போதும். ஒருவரின் புகழ், வலி, கொடை, அருள் ஆகியவற்றைச் சிறப்பித்துப் பாடுவதைப் புறத்தில் பாடாண் திணை என்கிறோம். அந்தக் கட்டத்தில் இந்தப் பெண்ணை வைத்துப் பாருங்கள். வலி இருக்கிறது, ஏழைக்கு நீட்டும் கொடை இருக்கிறது, நாவில் தயையின் போதகம் என்ற அருள் இருக்கிறது, கடைசியில் புகழ். அப்படியே பொருந்துகிறது. எது இல்லை என்பதும் முக்கியம். கேசாதிபாத வருணனை இல்லை. கண், கூந்தல், இடை எதுவும் பாடப்படவில்லை. உடலழகைப் பாட வேதாகமத்தில் உன்னதப்பாட்டு என்று தனி நூல் இருக்கிறது. இங்கே அழகு வீண் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுக் கடவுளுக்குப் பயப்படுகிற பெண்ணே புகழப்படுவாள் என்று முடிக்கிறது பாட்டு. வீரமும் தெய்வபயமும் ஒன்றாக வருவதைக் கவனியுங்கள். மோசே நியாயாதிபதிகளைப் பொறுக்கியபோதும் கேட்ட தகுதிகளில் இந்த இரண்டும் உண்டு: திறமை, தேவபயம். ஊருக்கு நீதி சொல்கிறவனுக்கு எந்தத் தகுதியோ அதே தகுதியைத்தான் பாட்டு மனைவியிடம் காண்கிறது.

பாடாண் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் இன்னொன்றும் மாறுகிறது. பாடாண் பாட்டு ஒருவரைப் புகழ்வது. ஒருவருக்கு வேலை ஏவுவது அல்ல. யூதக் குடும்பங்களில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை மாலை, ஓய்வுநாள் தொடங்கும்போது, சாப்பாட்டு மேசையருகே இந்தப் பாட்டைப் பாடுகிற வழக்கம் உண்டு. வாரம் முழுதும் உழைத்தவளுக்கு நன்றியாக அது பாடப்படுகிறது. அவர்கள் உழைப்பு முடிந்த பிறகு பாடுகிறார்கள். நாம் உழைப்பு ஆரம்பிக்கும் முன்பே மணமேடையில் வேலைப் பட்டியலாக வாசித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். பாட்டு ஒன்றுதான். திசைதான் தலைகீழ்.

குறளின் வாழ்க்கைத்துணையும் இவளும்

தமிழ் வாசகர் யாருக்கும் இங்கே திருக்குறளின் ஆறாம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இராது. வாழ்க்கைத்துணைநலம் என்ற அதிகாரத் தலைப்பே அழகு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமையும் தெரிகிறது, வேற்றுமையும் தெரிகிறது. தளர்ச்சியில்லாத உழைப்பு இரண்டிலும் உண்டு. மனைவியின் பெயர் கெட்டால் ஊரார் முன் கணவனுக்கு நிமிர்ந்த நடை இல்லை என்கிறார் வள்ளுவர். நீதிமொழிகளின் கணவன் ஊர்வாசலில் மூப்பர்களோடு மதிப்பாக உட்கார்ந்திருப்பதும் இவளால்தான்.

வேற்றுமை பணத்தில் இருக்கிறது. வள்ளுவரின் மனைவி கணவனின் வருவாய்க்குத் தக்கபடி குடும்பம் நடத்துகிறாள். அவன் ஈட்டுகிறான், இவள் அளந்து செலவிடுகிறாள். நீதிமொழிகளின் மனைவி தானே ஈட்டுகிறாள். முதல் போடுகிறாள், நிலம் வாங்குகிறாள். கணவன் செய்யும் வேலையைப் பற்றி, ஊர்வாசலில் உட்காருவதையும் மனைவியைப் புகழ்வதையும் தவிர, பாட்டு ஒன்றுமே சொல்வதில்லை! இது உயர்வா, அது உயர்வா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நீதிமொழிகளை வாயில் சொல்லிக்கொண்டு, மனத்தில் குறளின் உரைகாரர்கள் காட்டிய இல்லாளையே வைத்திருந்தார்கள் என்பது என் கணிப்பு. எழுத்து எபிரேயம், உரை நம்முடையது.

ரூத்: பிழைக்க வந்த ஊரில் ஒரு பெண்

ஏஷெத் ஹயில் என்று வேதாகமத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பெண் ஒருத்திதான் உண்டு. அவள் ரூத். அப்போது அவள் யாருடைய மனைவியும் அல்லள், விதவை. பிள்ளையும் இல்லை, நிலமும் இல்லை. மோவாப் தேசத்திலிருந்து மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, அறுவடை வயலில் சிந்தின கதிர் பொறுக்கிப் பிழைக்கிறவள். அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் அவளுக்குப் புதிது. அவளைப் பார்த்துத்தான் போவாஸ் அந்தச் சொல்லைச் சொல்கிறான். ஊராரெல்லாரும் உன்னை அறிவார்கள் என்று தமிழில் படிக்கிறோம். மூலத்தில், என் ஜனத்தின் வாசல் முழுதும் அறியும் என்று இருக்கிறது. வாசல் என்றால் அந்நாளில் ஊர்ப்பஞ்சாயத்து, சந்தை, நீதிமன்றம் மூன்றும் கூடுமிடம். நீதிமொழிகளின் பாட்டும் வாசலிலேயே முடிகிறது: அவளுடைய கைப்பலனை அவளுக்குக் கொடுங்கள், அவள் செய்கைகள் வாசல்களில் அவளைப் புகழட்டும் என்று. பழைய எபிரேயக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் நீதிமொழிகள் முடிந்ததும் அடுத்த நூலாக ரூத் வைக்கப்பட்டிருக்கிறது. தொகுத்தவர்கள் இந்தப் பாட்டுக்கு உதாரணம் தேடியிருந்தால் இதைவிடப் பொருத்தமாக வைத்திருக்க முடியாது.

மாநிலம் விட்டு வந்து வாழும் நமக்கு இந்த இடம் சும்மா கடந்துபோகக் கூடியதல்ல. பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வந்திறங்கிய முதல் தலைமுறைத் தமிழ்ப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். பாஷை தெரியாமல் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள், ஆறே மாதத்தில் கடைக்காரரோடு இந்தியில் பேரம் பேசியவர்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியவர்கள், ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்து அடுப்பு மூட்டியவர்கள், சீட்டுக் கட்டி ஊரில் ஒரு துண்டு மனை வாங்கியவர்கள். இதற்கெல்லாம் நாம் வைத்த பெயர் "பொறுமைசாலி". வேதாகமம் வைத்திருக்கும் பெயர் பராக்கிரமசாலி என்று நான் வாசிக்கிறேன்.

புதிய ஏற்பாட்டிலும் இப்படி ஒரு குடும்பம் உண்டு. கிளவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியை விட்டுத் துரத்தியதால் கொரிந்துக்கு வந்து சேர்ந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். இருவருக்கும் ஒரே தொழில், கூடாரம் பண்ணுவது. பல இடங்களில் மனைவி பெயரே முதலில் வருகிறது. அப்பொல்லோ என்ற வாக்குவன்மையுள்ள பிரசங்கிக்கு இருவருமாகப் பாடம் சொல்லித் திருத்துகிறார்கள்.

"கீழ்ப்படியுங்கள்" என்ற வசனம்

"அதெல்லாம் சரி, எபேசியரில் என்ன எழுதியிருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அதை ஒளிக்க முடியாது; ஒளிக்கவும் வேண்டாம். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனம் எல்லாரையும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் மனைவிகளைப் பற்றிய வாக்கியத்துக்குத் தனி வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்தின் வினையையே அது கடன் வாங்குகிறது. அதாவது இரண்டையும் பிரித்து வாசிக்க இலக்கணமே இடம் தராது. பிறகு மனைவிக்குச் சொன்னது மூன்று வசனம் என்றால், கணவனுக்குச் சொல்லத் தொடங்கி எட்டு வசனம் ஓடுகிறது. அவன் அன்புகூர வேண்டிய அளவும் சொல்லப்படுகிறது: கிறிஸ்து தம்மையே கொடுத்த அளவு. அந்த அளவை நம் கல்யாண மேடைகளில் யாரும் எடுத்து அளந்து காட்டி நான் கேட்டதில்லை.

துணை என்ற சொல்லும் அப்படித்தான். ஆதாமுக்கு ஏற்ற துணை என்று படித்ததும் உதவியாள் என்று நினைத்துவிடுகிறோம். அங்கே வரும் எபிரேயச் சொல் "எசேர்". பழைய ஏற்பாட்டில் அது அதிகமும் கடவுளுக்கே வழங்குகிறது. 121-ஆம் சங்கீதத்தில் பர்வதங்களைப் பார்த்துத் தேடுகிற ஒத்தாசை அதுதான். நம் "வாழ்க்கைத்துணை"யை இதோடு சேர்த்து வைத்தால் தமிழும் எபிரேயமும் கைகோத்துக்கொள்கின்றன.

பாட்டின் மீதும் ஒரு கேள்வி

பாட்டைப் புகழ்ந்துகொண்டே போனால் அது விமரிசனம் ஆகாது. இந்தப் பாட்டில் எனக்கு மூன்று சங்கடங்கள் உண்டு.

முதலாவது, இந்தப் பெண் தூங்குவதே இல்லை. இரவில் விளக்கு அணைவதில்லை. விடியுமுன் எழுந்தும் விடுகிறாள். காலையில் டிபன் கட்டிவைத்துவிட்டு எட்டரை மணி லோக்கலைப் பிடித்து ஓடி, மாலையில் திரும்பி மறுபடி அடுப்படியில் நிற்கும் ஒரு பெண்ணிடம் இதை வாசித்தால், அவளுக்கு ஆறுதல் வராது. குற்ற உணர்வுதான் வரும். அகரவரிசைப் பாட்டின் உத்தி இங்கே உதவுகிறது. முதல் எழுத்து முதல் கடைசி எழுத்து வரை சொல்லிவிட்டால் முழுமை என்று பொருள். ஒரு வாழ்நாளின் முழுமையைத் தொகுத்துச் சொல்கிறதே தவிர, ஒரு நாளின் டைம்டேபிளைச் சொல்லவில்லை. இதைப் போதகர்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாலே பல பெண்களின் தோளிலிருந்து பாரம் இறங்கும்.

இரண்டாவது, இவள் வசதியுள்ள வீட்டுப் பெண். வேலைக்காரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை, பாட்டும் இல்லை. இரத்தாம்பரத்தின் பின்னால் எத்தனை கைகள் நூற்றனவோ! கதிர் பொறுக்கிய ரூத்துக்கும் அதே பட்டத்தைக் கொடுத்ததால்தான் வேதாகமம் இந்தக் குறையைத் தானே ஈடுசெய்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, அவள் ஞானம் பேசுகிறாள் என்று சொல்லப்படுகிறது. அவள் பேசிய ஒரு வார்த்தையும் நமக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் பேசுகிறார்கள், கணவன் பேசுகிறான், செய்கைகள்கூடப் பேசுகின்றன. அவள் குரல் மட்டும் இல்லை. அந்தக் குரலுக்கு வேறு பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஞானாம்பாளும் ரமாபாயும்

அப்படிப் புரட்டினால் இந்தியாவிலேயே இரண்டு பேர் கிடைக்கிறார்கள். ஒருத்தி கதையில், ஒருவர் வரலாற்றில்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்; முன்சீபாக இருந்தவர். அதாவது ஊர்வாசலில் உட்கார்ந்து நியாயம் சொன்னவர். அவர் 1879-ல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாள் வெறும் பதிவிரதையாக நின்றுவிடவில்லை. ஆண் வேடத்தில் விக்கிரமபுரியை ஆளுகிறாள், வழக்குத் தீர்க்கிறாள், கணவனைவிட அறிவாளி என்பதை ஆசிரியர் மறைக்கவே இல்லை. தமிழின் முதல் நாவலை எழுதிய கிறிஸ்தவர் கற்பனை செய்த மனைவி இவள்! ஆட்சி செய்ய ஆண் வேடம் போட வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்தின் எல்லை. என்றாலும் ஹயில் என்ற சொல்லின் பொருளை நம் மேடைகளைவிட இந்த நாவல் நன்றாகப் பிடித்திருக்கிறது.

இன்னொருவர் பண்டித ரமாபாய் (1858–1922). தகப்பனாரிடம் சமஸ்கிருதம் படித்தவர். 1880-ல் மணந்து 1882-ல் கணவனை இழந்தார். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானார். 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதனம் தொடங்கினார். பிறகு புணே அருகே கேட்காவில் முக்தி மிஷன். அங்கே எபிரேயமும் கிரேக்கமும் கற்று வேதாகமம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். எழுத்துக் கோத்து அச்சடித்தவர்களும் அங்கிருந்த பெண்களே. அவர் மறைந்தபின் 1924-ல் அது முழுமையாக வெளிவந்தது. மனைவியாக அவர் வாழ்ந்தது இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. ஆனால் வேதாகமத்தின் கடைசி எழுத்துவரை தன் கையால் தொட்ட அவரை விட்டுவிட்டுக் கிறிஸ்தவப் பெண்மையைப் பேசினால் அது முழுமையாகுமா?

கைப்பலனை அவளுக்குக் கொடுங்கள்

பாட்டின் கடைசி வசனம் ஒரு கட்டளை. கவனித்துப் பாருங்கள், மொத்தப் பாட்டிலும் ஏவல் வருவது அந்த முடிவில்தான். அதுவும் அவளுக்கு அல்ல, மற்றவர்களுக்கு. அவள் கைப்பலனை அவளிடமே கொடுங்கள் என்று.

இந்தக் கட்டளையை நாம் எப்படி நடத்தினோம்? கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடையே 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டப்படி, மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்ற பெண்மணி நீதிமன்றம் போய், 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் சமபங்குக்கான தீர்ப்பைப் பெற்றார். வயலை விசாரித்து வாங்குகிற பெண்ணை ஞாயிறுதோறும் புகழ்ந்த சமூகத்தில், தகப்பன் வயலில் பங்கு கேட்க ஒரு மகள் ஊர்வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. இதை வேறு யாரோ செய்த பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக் கடனில் பாதி மனைவியின் சம்பளத்திலிருந்து போக, பத்திரத்தில் அவள் பெயர் இல்லாத வீடுகள் எந்த ஊரில் இல்லை?

எனவே என் வேண்டுகோள் எளியது. முப்பத்தோராம் அதிகாரத்தைக் கல்யாணங்களில் தாராளமாக வாசியுங்கள். ஆனால் முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். குடியைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் தாய் சொன்னதை மாப்பிள்ளை கேட்கட்டும். கடைசி வசனத்தை இரண்டு வீட்டாரையும் பார்த்து வாசியுங்கள். குணசாலி என்ற சொல்லை மாற்ற வேண்டாம். அது நம் பாட்டிமார் வாயில் ஊறிய சொல். அதை உச்சரிக்கும்போது கிதியோனுக்குச் சொன்ன சொல்லும் இதுவும் ஒன்றே என்று பக்கத்திலிருக்கும் பெண்பிள்ளைக்கு ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். மீதியை அவளே படித்துத் தெரிந்துகொள்வாள்.